திரும்பி வருதல்

கடந்த அதிகாரத்தில் காலைத் தியானத்துக்கு நேரமும் இடமும் ஒழுங்கு செய்வது பற்றிப் பார்த்தோம். அதற்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நாளில் மீதி இருபத்துமூன்றரை மணி நேரம். இந்த அதிகாரம் அந்த மீதியைப் பற்றியது.

நம்மில் பலருக்கு நடப்பது இதுதான். வேதாகமத்தை மூடிவிட்டு முழங்காலிலிருந்து எழும்போது மனசு நிறைந்திருக்கிறது. அதற்குள் பால் பொங்கி வழிகிறது. பையனுக்கு ஒரு சாக்ஸைக் காணவில்லை. ஒன்பதே கால் பஸ் போய்விடுகிறது. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து கண்ணை மூடும்போதுதான், ஆண்டவரை நினைத்து நாலு மணி நேரம் ஆகிவிட்டது உறைக்கிறது. அந்த நாலு மணி நேரமும் அவர் நம்மை விட்டுப் போய்விட்டாரா? இல்லை. ஞாயிறு பள்ளியிலேயே அதைச் சொல்லித் தந்துவிட்டார்கள். தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தெரிந்தபடியே அரிசி களைவது வேறு.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். தேவ பிரசன்னத்தில் வாழ்வதென்றால், ஆராதனையில் கண் கலங்கியபோது இருந்த உணர்வை நாள் முழுக்கப் பிடித்து வைத்திருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அது யாராலும் ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. தூளியில் பிள்ளையைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிற தாயைப் பாருங்கள். அவள் பிள்ளையையே நினைத்துக்கொண்டிருக்கவில்லை. வெங்காயத்தை நினைக்கிறாள், கேஸ் தீர்ந்துவிடுமோ என்று நினைக்கிறாள், நேற்று நாத்தனார் சொன்ன வார்த்தையை நினைக்கிறாள். ஆனால் தூளிக் கயிறு லேசாக முனகினால் கரண்டி பிடித்த கை நின்றுவிடும். நினைப்பு எங்கே சுற்றினாலும் காது ஒரு பக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. நாம் பழக வேண்டியது அந்தக் காதைத்தான்.

ஒரு சமையல்காரரின் முன்மாதிரி

இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரு சமையலறைக்கு வந்து சேர்வார்கள். பாரிஸ் நகரில் காலணியற்ற கார்மேல் சபையாரின் மடம் ஒன்று இருந்தது. அதன் சமையலறையில் 15 ஆண்டு வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், லொரேன் பகுதியில் ஒரு சிற்றூரில் 1614 வாக்கில் பிறந்தவர். சொந்தப் பெயர் நிக்கோலா எர்மான். முப்பது ஆண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டு, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தார். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாளாக இருந்தார். கை பட்டதையெல்லாம் உடைத்துத் தள்ளும் தடிமாடு என்பதுதான் அந்தக் காலத்துத் தன்னைப் பற்றி அவரே தந்த சான்றிதழ். 1640-இல் மடத்தில் சேர்ந்தார். குருவாக அல்ல, வேலைகள் செய்யும் சகோதரராக.

அவரைத் தேடி வந்து பேசி, பேசியதைக் குறித்து வைத்தவர் ஜோசப் தெ போஃபோர் என்ற குரு. முதல் சந்திப்பு 1666 ஆகஸ்ட் 3. லாரன்ஸ் தம் 18-ஆம் வயதில் குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்த கதையை அன்று சொன்னார். கொஞ்ச நாளில் இந்த மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று தோன்றிய அந்த நிமிடம் தேவனுடைய வல்லமை தமக்குள் இறங்கியது என்றார். 1691 பிப்ரவரியில் அவர் இறந்தபின் இந்த உரையாடல்களும் அவருடைய சில கடிதங்களும் சிறு நூலாக வந்தன. இன்று கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் என்ற பேதமில்லாமல் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பானை துலக்கிக்கொண்டே பரவசத்தில் இருந்தவர் என்ற அளவோடு அங்கே நிறுத்திவிடுவார்கள். நமக்கு உதவுவது அங்கே சொல்லாமல் விடுகிற பகுதி. அவருக்குச் சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காது. மடத்துக்கு வந்தபின் ஏறத்தாழ 10 ஆண்டு உள்ளுக்குள் கடுமையான போராட்டம்; தாம் இரட்சிக்கப்படவே மாட்டோம் என்று அஞ்சிய காலமும் உண்டு. மடத்துக்குத் திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாத, கால் சரியில்லாத மனிதர். படகில் நடமாட முடியாமல் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டு போயிருக்கிறார். பொறுப்பை ஆண்டவர் கணக்கில் எழுதிவிட்டுப் போனதாகவும், காரியம் நன்றாகவே முடிந்ததாகவும் பிறகு சொன்னார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. மறந்துபோவதை அவர் பெரிதுபடுத்தவில்லை. நினைவு விலகிவிட்டது தெரிந்ததும், என் கையில் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஆண்டவரிடம் ஒத்துக்கொண்டு, அடுத்த நொடியே வேலைக்கும் அவரிடத்துக்கும் திரும்பிவிடுவார். வருத்தப்பட்டுக்கொண்டு அங்கேயே நிற்க மாட்டார். மறந்ததற்காக ஒரு மணி நேரம் மனம் நொந்தால் அந்த ஒரு மணி நேரமும் நம்மைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? நாளுக்கு நாற்பது தரம் விலகி நாற்பது தரம் திரும்பினால் நாற்பது ஜெபம். கணக்கை இப்படிப் போட்டுப் பழகுங்கள்.

கொக்கி

இனி செய்முறைக்கு வருவோம். நினைவு தானாக வராது. தொங்க ஒரு கொக்கி வேண்டும். தினம் எப்படியும் நடக்கிற, கையால் செய்கிற, முடிய ஐந்தாறு நொடியாவது ஆகிற ஒரு சிறு வேலையைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பைப் பற்றவைப்பது. கடை ஷட்டரைத் தூக்குவது. ஹெல்மெட் வாரை மாட்டுவது. செவிலியராக இருந்தால் ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கை கழுவுவது. இதைவிட நல்ல கொக்கி எனக்குத் தெரியவில்லை, தண்ணீரும் இருக்கிறது, அடுத்துத் தொடப்போகிற ஆளும் எதிரே இருக்கிறார். அந்த வேலை வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை அவரோடு பேசுங்கள். அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் ஒரே கொக்கி போதும். உற்சாகத்தில் ஐந்தாறு வைத்துக்கொண்டவர்கள் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள்.

செல்போனில் அலாரம் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் அலாரத்தை நிறுத்தக் கையில் எடுத்த போன், வாட்ஸ்அப்பைக் காட்டாமல் மேசைக்குத் திரும்புவதில்லை. நானும் ஒரு முறை வசனச் சீட்டு ஒன்றைக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். பத்து நாளில் என் கண் அதைத் திரையின் ஒரு பாகமாகவே எடுத்துக்கொண்டது. கண்ணுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது; கைக்கு அப்படியில்லை. இப்போது என் கொக்கி எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள். துருப்பிடித்தது, இரண்டு தரம் ஆட்டினால்தான் திறக்கும். எண்ணெய் போடச் சொல்லி வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. கத்தோலிக்கக் கோவில்களில் காலை, நண்பகல், மாலை என அடிக்கிற மூவேளை செபத்தின் மணி இதே வேலையைத்தான் செய்கிறது. வயலில் நிற்கிறவரையும் ஒரு நிமிடம் நிறுத்திவிடுகிறது. பாபிலோனில் தானியேலுக்கு எருசலேம் பக்கம் திறந்த ஜன்னல் இருந்தது. நாளுக்கு மூன்று வேளை அங்கே முழங்காற்படியிட்டார்.

என்ன சொல்வது?

குறைவாகச் சொல்லுங்கள். நாலாம் நூற்றாண்டின் கடைசியில் யோவான் காசியன் என்ற இளைஞர் நண்பர் ஒருவரோடு எகிப்தின் பாலைவனத் துறவிகளைத் தேடிப் போனார். இடைவிடாமல் ஜெபிப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு ஈசாக்கு என்ற முதியவர் கொடுத்த விடை ஒரே ஒரு வசனம். 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். உதவிக்குச் சீக்கிரம் வரும்படி தேவனைக் கூப்பிடுவது. சந்தோஷத்திலும் சொல், சோதனையிலும் சொல், வேலையிலும் வழியிலும் தூக்கம் வரும்போதும் சொல் என்றார். அதே துறவிகளைப் பற்றி அகுஸ்தீனும் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அவர்கள் அடிக்கடி, ஆனால் மிகச் சுருக்கமாக, ஈட்டி எறிவதுபோல் ஜெபிப்பார்களாம். நீளமாக இழுத்தால் கவனத்தின் முனை மழுங்கிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம்.

நம் ஊரில் இதற்கு எப்போதோ ஒரு வார்த்தை வந்துவிட்டது: ஸ்தோத்திரம். பார்த்தவரிடமெல்லாம் சொல்லி, போனை எடுத்ததும் சொல்லி, பிரசங்கத்தில் மூச்சு வாங்க இடம் வேண்டும்போதெல்லாம் சொல்லி அதைத் தேய்த்துவிட்டோம் என்பது உண்மைதான். அதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டாம். யாரும் கேட்காத நேரத்தில், யாருக்கும் வணக்கமாக இல்லாமல், தாழ்ப்பாளைப் பிடித்தபடி ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். பழைய வார்த்தைக்குப் பொருள் திரும்பி வரும். அதுவும் ஒட்டவில்லை என்றால் இயேசுவின் பெயர் மட்டும் போதும்.

சின்ன ஜெபம் போதுமானால் காலை அரை மணி நேரம் எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நெகேமியாவைப் படியுங்கள் என்றேன். சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கும்போது, உனக்கு என்ன வேண்டும் என்று அர்தசஷ்டா கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணுகிறார். எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? கையில் கிண்ணம், எதிரே பாரசீகச் சக்கரவர்த்தி. ஒரு மூச்சு அளவுதான். ஆனால் முதல் அதிகாரத்தில் மாதத்தின் பெயரைப் பாருங்கள்: கிஸ்லேயு. இரண்டாம் அதிகாரத்தில்: நிசான். நடுவே நாலு மாதம் அழுது, உபவாசமிருந்து ஜெபித்திருக்கிறார். அந்த ஒரு மூச்சு அந்த நாலு மாதத்தின் நுனி.

பார்க்கிறவர்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரசன்னம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சிலருக்கு ஆறுதல் வராது, பயம்தான் வரும். சின்ன வயதில் மாங்காய் பறித்தபோதும் பொய் சொன்னபோதும் ‘ஏசப்பா பாத்துக்கிட்டே இருக்கார்’ என்று மிரட்டி வளர்த்தார்கள். சுவரில் மாட்டிய சிசிடிவி காமிராபோல ஒரு தேவன். அப்படி ஒருவரோடு இருபத்துநாலு மணி நேரமும் இருப்பது விடுதலை அல்ல, காவல். உங்களுக்கு இந்த அதிகாரத்தின் பயிற்சி எதுவும் பிடிபடவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். கொக்கியை விட்டுவிட்டு ஆதியாகமம் 16-ஐ எடுங்கள்.

ஆகார் எகிப்திய அடிமைப் பெண். சாராயின் வீட்டில் வேலைக்காரி. அவளைக் கேட்காமலே ஆபிராமுக்குக் கொடுத்தார்கள். கர்ப்பமானதும் அவளும் எஜமானியை அற்பமாக எண்ணினாள், எஜமானி கடினமாக நடத்தினாள். ஓடிவிட்டாள். சூருக்குப் போகிற வழியில் ஒரு நீரூற்றின் பக்கத்தில் இருந்தபோது கர்த்தருடைய தூதனானவர் அவளைக் கண்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். அந்த வீட்டில் யாராவது அவளிடம் இந்த இரண்டு கேள்வியைக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். திரும்பிப் போ என்ற கடினமான சொல்லும் வருகிறது. அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அவள் அதற்கப்புறம் செய்தது வேதாகமத்தில் அதற்கு முன் யாரும் செய்யாதது. தேவனுக்கு ஒரு பெயர் வைத்தாள். என்னைக் காண்கிறவர் என்று பொருள்படும் பெயர். அந்தத் துரவுக்கு லகாய்ரோயீ என்ற பெயர் நின்றது. பின்னாளில் சாராயின் மகன் ஈசாக்கே அதன் அருகில் குடியிருந்தான்.

தன்னை ஒருவர் பார்க்கிறார் என்பது அவளுக்கு மிரட்டலாக இல்லை. வேறு யாரும் பார்க்காத இடத்தில் அவர் பார்த்தார். 139-ஆம் சங்கீதத்தையும் இந்தத் துரவின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் வேறு மாதிரி கேட்கும். பயத்தில் வளர்ந்தவர்கள் ஒரு மாதம் வேறு எதையும் செய்யாமல், தினம் ஒரு முறை, தாங்கள் மிகவும் தனியாக உணர்கிற வேளையில், அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டால் போதும்.

இரவில் திரும்பிப் பார்ப்பது

வேதாகமத்தில் தேவ பிரசன்னத்தை உணர்ந்தவர்களில் நிறையப் பேர் அப்புறம்தான் உணர்ந்தார்கள். பெத்தேலில் யாக்கோபுக்குத் தூங்கி எழுந்தபின் தெரிந்தது. எம்மாவுக்குப் போன இரண்டு பேரும் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வழியில் இயேசுவோடு பேசிக்கொண்டே நடந்தார்கள்; அப்பம் பிட்கும்போதுதான் கண் திறந்தது, அதற்குள் அவர் மறைந்துவிட்டார். அப்போதுதான் வழியில் நெஞ்சு கொழுந்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகவே பகலில் ஒன்றும் தெரியவில்லையே என்று சோர்ந்துபோகாமல், படுக்குமுன் ஐந்து நிமிடம் அந்த நாளைப் பின்னோக்கி நடந்து பாருங்கள். இலொயோலா இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு நாளில் இரண்டு முறை இதைச் செய்யப் பழக்கினார். பாவக் கணக்கு எடுப்பதாக மட்டும் இதை ஆக்கிவிடாதீர்கள். எங்கே நெஞ்சு லேசானது, எங்கே இறுகியது, யார் முகத்தைப் பார்த்ததும் கோபம் அடங்கியது என்று பாருங்கள். அந்த இடங்களில் நின்று, நீர்தானா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தூங்கிவிடுங்கள்.

எண்ணுவதா?

பிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனரி 1930-இல் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், லனாவோ ஏரிக்கரையில், மரனாவோ முஸ்லிம் மக்கள் நடுவில் தனியாக இருந்தார். ஊழியம் ஒட்டவில்லை. மாலையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறி உட்கார்ந்து ஜெபிப்பார். நீ வெள்ளைக்காரன் என்பதால் இவர்களைவிட உயர்ந்தவன் என்று நினைக்கிறாய், இவர்களை நீ நேசிக்கவில்லை என்று ஒரு மாலை அவருக்கு உள்ளே உணர்த்தப்பட்டது. இறங்கிப் போய் அந்த மக்களோடு உட்கார்ந்து அவர்களுடைய குர்ஆனைப் படிக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் அவர்களுக்கு அவரைப் பிடித்தது. அவர் உலகம் முழுக்கக் கொண்டுபோன எழுத்தறிவு இயக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். பிரசன்னம் அவருக்கு முதலில் தந்தது இன்பம் அல்ல, வெட்கம் என்பதைக் கவனியுங்கள். ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’ என்று சொல்லிக்கொண்டு வந்து, வீட்டுச் சண்டையில் தன் கட்சியை ஜெயிக்க வைக்கிறவர்களை நம்புவதற்கு நான் தயங்குவது இதனால்தான்.

அவர் பிறகு ஒரு விளையாட்டைச் சொல்லித் தந்தார். ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள். அதன் 60 நிமிடங்களில் எத்தனை நிமிடத்தில் ஒரு நொடியாவது கிறிஸ்துவை நினைத்தாய் என்று எண்ணிப் பார். விளையாட்டாகச் செய்தால் நல்லதுதான். ஒரு வாரம் செய்தால் மனசு எவ்வளவு தூரம் மேய்கிறது என்று தெரியும். ஆனால் எல்லாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே எதிலும் குற்றவுணர்வோடு இருப்பவர்கள், ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப உருட்டாமல் இருக்க முடியாதவர்கள், பிழையில்லாமல் ஜெபித்தோமா என்று மறுபடி மறுபடி ஜெபிப்பவர்கள் எண்ணவே கூடாது. அவர்களுக்கு இது ஜெபமாக இருக்காது, இன்னொரு சுமை. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் ஒட்டாமல் இருந்தால் அது விசுவாசக் குறைவு அல்ல, மருத்துவரைப் பாருங்கள். ஆண்டவர் அந்த வரிசை நாற்காலியிலும் பக்கத்தில் இருப்பார்.

எண்ணுவதைப் பற்றி எனக்கு வேறொரு ஆசிரியை உண்டு. பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் இருந்தார். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு ஆள் என்று ஜெபித்துக்கொண்டே நூலைச் சுற்றுவார். முதல் கட்டு மூத்த மகளுக்கு, அடுத்தது மாமியாருக்கு, அப்புறம் உபதேசியாருக்கு, பக்கத்து வீட்டில் குடித்துவிட்டு வருகிறவனுக்கு. உதடு அசைவது மட்டும்தான் தெரியும். தெருவில் யார் போனாலும் பேச்சு கொடுப்பார், சிரிப்பார், சத்தம் போடுவார். மறுபடி உதடு அசைய ஆரம்பிக்கும்.

பீடியில் ஜெபமா என்று ஒரு நாள் கேலியாகக் கேட்டேன். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், லாபாக்கின் விளையாட்டைக் கையில் ஒரு சின்ன நோட்டோடு ஆடிக்கொண்டிருந்தேன். வயித்துப்பாடு ஏசப்பாவுக்குத் தெரியாததா என்றார். சரி, நடுவில் மறந்துபோய்விட்டால் என்ன செய்வீர்கள், எத்தனை கட்டு ஜெபித்தீர்கள், எத்தனை விட்டுப்போனது என்று எப்படித் தெரியும் என்று நோட்டைக் காட்டினேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கட்டை அடுக்கில் வைத்தார்.

“நான் எண்ணுதது பீடியத்தான் தம்பி” என்றார். அடுத்த இலையை எடுத்துக்கொண்டு, “ஒங்க அம்மைக்கு இப்ப முட்டு வலி எப்படி இருக்கு?” என்று கேட்டார். பதில் சொன்னேன். உதடு அசைந்தது.